டிகே என்றால் அழுகலா, சிதைவா, விழுவதா? மயிலாப்பூர் வீட்டு உத்தரத்துக்கு ஒரு சொல் தேவை

ஏடுபுரட்டி · திங்கள், காலை 7.12

வணக்கம். பத்து நாளாக 'டிகே' (decay) என்ற ஒரே ஒரு ஆங்கிலச் சொல்லில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

மயிலாப்பூரில் ஒரு பழைய வீட்டைப் பழுதுபார்க்கிறார்கள். மெட்ராஸ் டெரஸ் வீடு. தேக்கு உத்தரம், அதன்மேல் சட்டங்கள், சட்டங்களுக்கு மேல் செங்கல்லைப் பக்கவாட்டில் நிறுத்திச் சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கிய தளம். வேலை முடிந்ததும் திண்ணையில் ஒரு விளக்கப் பலகை வைக்கப் போகிறார்கள். அதன் வாசகத்தைத் தமிழில் தருவது என் பொறுப்பு.

அரைப் பக்க வாசகத்தில் 'டிகே' மூன்று இடத்தில் வருகிறது. உத்தரங்களின் முனைகளில் டிகே. அந்தத் தெருவுக்கு நேர்ந்த டிகே. சுண்ணாம்பு வேலை என்ற கைத்தொழிலுக்கு வந்த டிகே. வேலை கொடுத்தவர்கள் கையோடு ஒரு சொற்பட்டியலும் கொடுத்தார்கள். டிகே என்றால் சிதைவு, எல்லா இடத்திலும் அதையே போடவும் என்று அதில் இருக்கிறது.

போட்டுப் பார்த்தேன். அங்கே தளம் போடும் கொத்தனாரிடம் படித்தும் காட்டினேன். "சிதைவுன்னா என்னம்மா, உடைஞ்சிருக்கா, அரிச்சிருக்கா, ஊறிப்போய் இத்திருக்கா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அந்த ஆங்கிலச் சொல்லுக்கு அடியில் என்னதான் இருக்கிறது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். தமிழில் என்ன போடலாம் என்பதையும்.

வேர்ச்சொல் · திங்கள், காலை 8.30

நல்ல கேள்வி. அடியில் இருப்பது 'விழுவது'.

லத்தீனில் 'கேடெரே' என்றால் விழுதல். அதற்கு முன்னால் கீழே, விலகி என்ற பொருள் தரும் 'டே' சேர்ந்தது. பேச்சு லத்தீன் வழியாகப் பழைய பிரெஞ்சுக்குப் போய், வடக்குப் பிரான்சின் பேச்சு வடிவமாகிய 'டெகெய்ர்' மூலம் 15ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. வந்தபோது அதற்கு அழுகல் என்ற பொருளே கிடையாது. குறைதல், மதிப்பு இறங்குதல், வலு போதல், அவ்வளவுதான். ஒரு குடும்பத்தின் செல்வம் டிகே ஆகும், ஒரு துறைமுகத்தின் வணிகம் டிகே ஆகும். பழம் அழுகுவதற்கும் உடல் அழுகுவதற்கும் அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டது ஏறக்குறைய நூறு ஆண்டு கழித்து, 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்.

அதுவரை ஆங்கிலேயர்கள் அழுகலுக்கு என்ன சொன்னார்கள் என்றால், 'ராட்'. அது அவர்களுடைய சொந்தச் சொல், பழைய ஆங்கிலத்திலேயே உண்டு. 'ராட்டன்' மட்டும் வைக்கிங்குகளோடு வடக்கிலிருந்து வந்தது. ராட் என்றால் மூக்குக்குத் தெரியும் அழுகல். டிகே என்றால் கணக்குப் புத்தகத்திலும் தெரியும் சரிவு. பிற்காலத்தில்தான் இரண்டும் ஒன்றோடொன்று கலந்தன.

அந்த 'கேடெரே' பெற்ற பிள்ளைகள் நிறைய. மேலே வந்து விழுவதால் 'ஆக்ஸிடென்ட்'. படிப்படியாக விழும் அருவிக்கு 'கேஸ்கேட்'. குரல் இறங்கி முடிவதால் 'கேடன்ஸ்'. இலக்கணத்தில் நாம் வேற்றுமை என்கிறோமே, அதற்கு அவர்கள் சொல்லும் 'கேஸ்'கூட விழுதல்தான், பெயர்ச்சொல் தன் நேர் வடிவத்திலிருந்து சரிகிறது என்ற எண்ணம். எனக்கு மிகப் பிடித்தது 'டெசிடுவஸ்', இலையுதிர் மரம். அதே 'டே', அதே 'கேடெரே'. உங்கள் உத்தரத்தின் டிகேயும் இலையுதிர் காடும் உடன்பிறப்புகள்.

தச்சர்மகன் · திங்கள், காலை 10.05

அக்கா, கொத்தனார் கேட்டது ரொம்பச் சரியான கேள்வி. எங்க அப்பா திருவல்லிக்கேணியில நாப்பது வருஷம் மர வேலை பார்த்தவர். மரம் கெட்டுப்போச்சுன்னு பொதுவா அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. மூணு வார்த்தை வச்சிருந்தார்.

உளுத்துப்போச்சுன்னா பூச்சி. உளுங்கிறதே மரத்தைத் துளைக்கிற பூச்சியோட பேருதான். மேல பார்த்தா குண்டூசி போட்ட மாதிரி ஓட்டை இருக்கும், தட்டினா மாவு கொட்டும்.

செல்லரிச்சிருக்குன்னா கரையான். சுவத்து மேல மண் கோடு ஏறியிருக்கும். மரத்தோட மேல்தோல் அப்படியே இருக்கும், உள்ளே ஒண்ணும் இருக்காது. உளி வச்சா காகிதம் மாதிரி கிழியும்.

இத்துப்போச்சுன்னா தண்ணி. சுவத்துக்குள்ள போய் உக்கார்ற முனைதான் முதல்ல போகும். மேல தளத்துல வெடிப்பு விட்டிருக்கும், மழைத்தண்ணி சுவர் வழியா இறங்கும், அந்த முனைக்குக் காத்தே கிடைக்காது. வருஷக்கணக்கா ஈரம். அப்புறம் பூஞ்சை. மரம் பழுப்பா, குறுக்கும் நெடுக்குமா வெடிச்சு, கட்டம் கட்டமா வரும். விரல்ல பிசைஞ்சா உதிரும். சுத்தியல் கட்டையால தட்டினா நல்ல தேக்கு 'கணீர்'னும், இத்த தேக்கு 'பொத்'துனும்.

வார்த்தை மாறினா வைத்தியமே மாறும். உளுத்ததுக்கு மருந்து. செல்லுக்குத் தரையிலேர்ந்து வழியை அடைக்கணும். இத்ததுக்கு மருந்து அடிச்சு ஒரு பிரயோஜனமும் இல்ல, முதல்ல ஒழுக்கை நிறுத்தணும். ஈரம் நூத்துக்கு இருபதுக்குக் கீழ இருந்தா பூஞ்சையால மரத்தைத் தின்ன முடியாது. பலகையில் சிதைவுன்னு எழுதினீங்கன்னா அடுத்த முறை ரிப்பேர் பண்ண வர்றவனுக்கு ஒண்ணுமே தெரியாது.

ஏடுபுரட்டி · திங்கள், காலை 10.41

தம்பி, நீங்கள் சொன்னது மூன்றாவது வகை. முனைகள் பழுப்பாக, கட்டம் கட்டமாகத்தான் இருக்கின்றன. படமே எடுத்து வைத்திருக்கிறேன். 'இத்துப்போச்சு' என்பதைப் பலகையில் எப்படி எழுதுவது?

வேர்ச்சொல் · திங்கள், காலை 11.20

'இற்றுப்போயிற்று' என்றே எழுதலாம், கொச்சை இல்லை. இறு என்பது வினை. ஒடிதல், முறிதல், முடிதல் மூன்றும் அதன் பொருள். இறுதி என்ற சொல் பிறந்ததும் அங்கேதான். குறளில் மயிலிறகு ஏற்றிய வண்டியும் அளவு மீறினால் 'அச்சிறும்' என்று வருகிறதே, 475ஆவது குறள், அந்த இறும்தான் இன்று நம் தெருவில் 'சட்டை இத்துப்போச்சு' என்று நடமாடுகிறது. நாம் பேச்சுவழக்கு என்று ஒதுக்கும் சொல் திருக்குறளில் உட்கார்ந்திருக்கிறது.

கவனியுங்கள், ஒரே நிகழ்ச்சியை லத்தீன்காரர் 'கீழே விழுந்தது' என்று பார்த்தார், நாம் 'முறிந்து முடிந்தது' என்று பார்த்தோம்.

செந்தமிழ்வேங்கை · திங்கள், பகல் 12.15

ஐயா, இவ்வளவு சுற்ற வேண்டுமா? கேடு, கேடெரே. ஒலியைப் பாருங்கள், பொருளையும் பாருங்கள். நம் கேடுதான் கடல் கடந்து போய் டிகே ஆகியிருக்கிறது. இதை ஏன் யாரும் சொல்வதில்லை?

வேர்ச்சொல் · திங்கள், பகல் 1.02

உங்கள் ஆர்வம் புரிகிறது. எனக்கும் இருபது வயதில் இதே எண்ணம் இருந்தது. ஆனால் கேடு என்பதன் வேர் கெடு. சுடு சூடாவது போல, விடு வீடாவது போல, கெடு கேடாயிற்று. முதல் எழுத்து நீண்டது தமிழுக்குள் நடந்த வேலை. லத்தீன் கேடெரேக்கு நீட்சி பெறாத 'கட்' என்ற வேர், அதன் அடிப்படைப் பொருள் விழுதல் மட்டுமே. கெடு என்பதில் விழுதல் எங்கேயும் இல்லை. இரண்டு மொழியில் ஆயிரக்கணக்கான சொற்கள் இருக்கும்போது பத்து இருபது ஒலியில் ஒத்துப்போவது இயல்பு. உறவு என்று சொல்ல வேண்டுமானால் அந்த ஒலி மாற்றம் வேறு பல சொற்களிலும் ஒழுங்காக நடந்திருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை.

நம் மொழி பெரிதாக இருக்க லத்தீனுக்குத் தாயாக இருக்க வேண்டிய தேவை இல்லை. மேலே தச்சர்மகன் எழுதியதை இன்னொரு முறை படியுங்கள்.

எம்பிபிஎஸ்_இரண்டாமாண்டு · திங்கள், பகல் 1.30

அப்படியென்றால் சடலத்தைக் குறிக்கும் 'கடாவர்' சார்? அனாட்டமி வகுப்பில், 'புழுக்களுக்குக் கொடுக்கப்பட்ட சதை' என்று பொருள்படும் மூன்று லத்தீன் சொற்களின் முதல் அசைகளைச் சேர்த்தது அது என்று சீனியர்கள் சொன்னார்கள்.

வேர்ச்சொல் · திங்கள், பகல் 1.48

பலர் நம்பும் கதை அது, பழைய காலத்திலேயே கிளம்பிவிட்டது. ஆனால் லத்தீனில் அன்றாடச் சொற்கள் அப்படிப் பிறப்பதில்லை. கடாவரும் கேடெரேயிலிருந்து வந்தது என்பதே அறிஞர்கள் ஏற்கும் கருத்து. விழுந்தவர், அவ்வளவுதான். போர்க்களத்தில் வீழ்ந்தார் என்று நாம் சொல்வது போல.

இயற்பியல்டீச்சர் · திங்கள், மாலை 5.40

தாம்பரம் பக்கத்தில் மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் நடத்துகிறேன். சிதைவு என்ற சொல்லுக்காக ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அதற்கும் ஒரு சரியான இடம் இருக்கிறது.

கதிரியக்கச் சிதைவு என்றுதான் பாடநூலில் படிக்கிறோம். ஒரு யுரேனியம் அணுக்கரு ஆல்ஃபா துகளை வெளியே விட்டு வேறொரு தனிமமாக மாறுகிறது. முன்பு இருந்தது இப்போது இல்லை. சிதைவு பொருந்துகிறது. ஆனால் ஆங்கிலத்தில் அதே சொல்லை இன்னொன்றுக்கும் பயன்படுத்துகிறார்கள். 1900இல் ரூதர்ஃபோர்டு தோரியத்திலிருந்து வரும் வாயுவை அளந்தபோது அதன் வீரியம் ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் பாதியானது, அடுத்த நிமிடத்தில் அந்தப் பாதியில் பாதி. அந்தக் குறைவையும் டிகே என்கிறார்கள். இங்கே எதுவும் அழுகவில்லை. வேர்ச்சொல் ஐயா சொன்ன 15ஆம் நூற்றாண்டுப் பொருள், 'குறைதல்', இயற்பியலில் அப்படியே உயிரோடு இருக்கிறது.

இந்த இரண்டாவது பொருளுக்கு நான் வகுப்பில் 'தேய்வு' என்கிறேன். தேய்பிறை என்று சொன்னதும் பிள்ளைகளுக்குப் படம் கிடைத்துவிடுகிறது. கார்பன் 14 பாதியாகத் தேய 5,730 ஆண்டு, யுரேனியம் 238 பாதியாகத் தேய ஏறக்குறைய 447 கோடி ஆண்டு. ஒவ்வொரு அணுக்கருவும் சிதைகிறது, மொத்த அளவு தேய்கிறது. ஆங்கிலத்தில் ஒரு சொல், இங்கே இரண்டு. இரண்டாக இருப்பது என் மாணவர்களுக்கு எவ்வளவு உதவி என்று ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன்.

ஒலிக்கூடம் · திங்கள், இரவு 9.15

டீச்சர், தேய்வு எங்கள் தொழிலுக்கும் கச்சிதம். வடபழனியில் ஒலிப்பதிவு வேலை செய்கிறேன். ஒரு மணியை அடித்தால் ஓசை எழுந்து பிறகு இறங்குவதற்கும் டிகே என்றுதான் பெயர். அரங்கின் எதிரொலியை அளக்க, ஓசை 60 டெசிபெல் இறங்க எத்தனை நொடி ஆகிறது என்று பார்ப்போம். ஓசை அழுகாது, சிதையாது. தேயும். இதுவரை தமிழில் சொல்ல வார்த்தை இல்லாமல் ஆங்கிலத்திலேயே ஓட்டிக்கொண்டிருந்தேன். நன்றி.

மாடித்தோட்டம் · செவ்வாய், காலை 6.25

இந்த இழையை இரவெல்லாம் படித்தேன். எங்கள் சமையலறையை யாரும் தொடவே இல்லையே.

சாம்பார் ஊசிப்போகும். பால் திரிஞ்சுபோகும். மாவு புளிச்சுப்போகும். ஊறுகாயில் பூசணம் பூக்கும். எண்ணெயில் சிக்கு வாடை வரும். தக்காளி அழுகும், வாழைப்பழம் அளிஞ்சுபோகும். கத்திரிக்காய் சொத்தை. முட்டை கூழ்முட்டை. இதில் ஒன்றை எடுத்து இன்னொன்றில் போட முடியாது. "சாம்பார் அழுகிப்போச்சு" என்று என் மருமகள் சொன்னால் நான் திரும்பிப் பார்ப்பேன். ஊசின சாம்பாரைக் கொட்டணும், புளிச்ச மாவில் ஊத்தப்பம் ஊத்தலாம், அளிஞ்ச பழத்தை மாவில் பிசைஞ்சு பணியாரம் சுடலாம். என்ன செய்யணும் என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

இன்னொன்று, மக்குவது. மாநகராட்சி வண்டியில் மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று தினமும் கேட்கிறோம். நான் மாடியில் மூன்று தொட்டி வைத்திருக்கிறேன். காய்த்தோல் போட்டு, மேலே காய்ந்த இலை போட்டு, கொஞ்சம் புளித்த மோர் தெளித்தால் ஐம்பது, அறுபது நாளில் கறுப்பாக, மழை பெய்த மண் வாசனையோடு வரும். நாற்றம் வந்தால் அது மக்கவில்லை, அழுகுகிறது என்று அர்த்தம். தண்ணீர் மிஞ்சிவிட்டது, காற்று போகவில்லை. கிளறிவிட்டு இன்னும் இரண்டு கை காய்ந்த இலை போட்டால் சரியாகிவிடும். ஆங்கிலத்தில் இந்த இரண்டுக்கும் டிகே என்கிறார்களாம். எனக்கு அது பெரிய நஷ்டமாகத் தெரிகிறது. அழுகுவது வீணாவது. மக்குவது உரமாவது.

வேர்ச்சொல் · செவ்வாய், காலை 8.10

அம்மா, அருமை. அவர்களுக்கு உங்கள் தொட்டிக்கு 'கம்போஸ்ட்' இருக்கிறது, அதன் வேர் 'சேர்த்து வைத்தது'. ஆனால் அது பெரும்பாலும் பொருளுக்குப் பெயர். மக்கு என்பது போல, நல்லதாக மாறுவதைச் சொல்லும் எளிய நாட்டு வினை அவர்களிடம் இல்லை.

பல்கிளினிக்_அண்ணாநகர் · செவ்வாய், காலை 9.00

பல்லுக்கு நாங்கள் சொத்தை என்கிறோம். கத்திரிக்காய்க்கும் அதே சொல் என்பதால்தான் இன்றும் "பல்லுல பூச்சி இருக்கு, எடுத்துடுங்க" என்று வருகிறார்கள். பூச்சி இல்லை. வாயில் உள்ள பாக்டீரியா சர்க்கரையைத் தின்று அமிலம் விடுகிறது, அமிலம் கூடக்கூடக் குறையும் பிஎச் அளவு 5.5க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரையத் தொடங்கும். டிகே என்ற ஆங்கிலச் சொல்லில் பூச்சி இல்லை. இந்த ஓரிடத்தில் நம் சொல் நோயாளியைத் தவறான பக்கம் திருப்புகிறது, அதையும் பதிய விரும்பினேன்.

மட்டுநகராள் · செவ்வாய், முற்பகல் 11.35

வணக்கம். நான் மட்டக்களப்பு, முப்பது வருசமாக வளசரவாக்கத்தில இருக்கிறன். எங்கட பக்கம் மரம், இலை எல்லாம் 'உக்கிப் போச்சு' எண்டுதான் சொல்லுறது. சோறு கறி எண்டால் 'பழுதாப் போச்சு'. இங்க வந்த புதிசில பக்கத்து வீட்டு அக்காட்ட கறி பழுதாப் போச்சு எண்டு சொன்னன், அவ மிக்ஸி பழுது எண்டு நினைச்சிட்டா.

நான் எழுத வந்தது வேற விசயம். வேர்ச்சொல் அண்ணை, விழுறது, சூரியன் இறங்குறது, கெடுறது எல்லாம் ஒரே சொல்லாக எங்களிட்டயும் இருக்கு. எங்கட வாவிக்குக் கிழக்குப் பக்கம் எழுவான்கரை. மேற்குப் பக்கம் படுவான்கரை. சூரியன் எழுற கரை, படுற கரை. அதே 'படு'தானே 'மரம் பட்டுப் போச்சு' எண்டதிலயும் வருகுது?

வேர்ச்சொல் · செவ்வாய், பகல் 12.20

அக்கா, இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.

நீங்கள் சொல்வது சரி. படுஞாயிறு என்றால் மறையும் சூரியன். களத்தில் பட்டான் என்றால் இறந்தான். பட்ட மரம் என்றால் உயிர் போய் நிற்கும் மரம். நான் முதல் பதிவில் எழுதாமல் விட்ட ஒன்று, பழைய பிரெஞ்சில் இந்த டிகேயின் மூலச் சொல்லுக்குச் சூரியன் இறங்குதல் என்ற பொருளும் உண்டு. ஆங்கிலத்தில் மேற்குத் திசைக்குச் சொல்லும் 'ஆக்ஸிடென்ட்', ஆங்கில 'ஓ' எழுத்தில் தொடங்குவது (Occident), விபத்து அல்ல, அதுவும் கேடெரேயின் பிள்ளை. சூரியன் விழும் திசை. அவர்களுடைய மேற்கும் உங்கள் படுவான்கரையும் ஒரே காட்சியிலிருந்து பிறந்தவை.

செந்தமிழ்வேங்கை அவர்களே, உங்களுக்கும் இது. ஒலி உறவு இல்லை. ஆனால் மாலையில் சூரியன் சாய்வதைப் பார்த்த இரண்டு கூட்டத்தார், ஒருவரை ஒருவர் அறியாமல், சாவையும் தேய்வையும் அதே சொல்லால் குறித்திருக்கிறார்கள். கேடு, கேடெரே ஒற்றுமையைவிட இது எனக்குப் பெரிதாகப் படுகிறது.

செந்தமிழ்வேங்கை · செவ்வாய், பகல் 1.05

ஏற்கிறேன் ஐயா. படுவான்கரை என்ற பெயரை இன்றுதான் கேள்விப்படுகிறேன்.

ஏடுபுரட்டி · செவ்வாய், இரவு 8.50

எல்லோருக்கும் நன்றி. இன்று பிற்பகல் எழும்பூர் கன்னிமாரா நூலகத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனை எடுத்து இறு, உளு, படு மூன்றையும் பார்த்தேன். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதியாக வந்த வேலை. நீங்கள் சொன்னவை இருக்கின்றன. உத்தரத்துக்கு 'இற்றுப்போயின' என்று முடிவு செய்துவிட்டேன்.

கைத்தொழிலுக்கு 'நலிவு' சரியாக இருக்கும் என்று நினைக்கிறேன். நலிந்த கலைஞர் என்று சொல்கிறோமே, ஆள் இருக்கிறார், கை இருக்கிறது, வேலை இல்லை. சுண்ணாம்பு வேலைக்கு நடந்தது அதுதான். சிமெண்டு வந்தபிறகு கடுக்காய், வெல்லம் ஊறவைத்த தண்ணீரில் சுண்ணாம்பு குழைக்கக் கூப்பிட ஆள் இல்லை.

தெருவில்தான் இன்னும் நிற்கிறேன். நகரச் சிதைவு என்றால் ஏதோ குண்டு விழுந்தது போல் இருக்கிறது. சீரழிவு என்றால் அங்கே குடியிருப்பவர்கள் மேல் பழி விழுகிறது. பாழடைந்த தெரு என்று எழுதினேன், அழித்துவிட்டேன். பாழ் என்றால் ஆளில்லாத இடம். அந்தத் தெருவில் இஸ்திரி வண்டி, பூக்கடை, இரண்டு மெஸ், மாடிக்கு மாடி குடித்தனம்.

இயற்பியல்டீச்சர் · செவ்வாய், இரவு 9.20

தேய்ந்தது?

மாடித்தோட்டம் · செவ்வாய், இரவு 9.32

தெரு தேயாதும்மா. பொலிவிழந்தது என்று போடுங்கள். வீடு அங்கேயேதான் இருக்கிறது, முகம்தான் வாடிவிட்டது. வெள்ளையடித்து, திண்ணையில் விளக்கு வைத்தால் திரும்பி வரும். அந்தத் தெருவில்தான் நான் பிறந்து வளர்ந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள், சிதைந்தது என்று ஒரு பலகை சொன்னால் எனக்கு எப்படி இருக்கும்?

ஏடுபுரட்டி · புதன், காலை 7.05

போட்டுவிட்டேன் அம்மா. வேலை கொடுத்தவர்களுக்கு மூன்று சொல்லுக்கும் காரணம் எழுதி அனுப்பினேன், பட்டியலை விட்டு விலக ஒப்புக்கொண்டார்கள். வாசகம் இப்போது இப்படி:

'தளத்தின் வெடிப்பு வழியே இறங்கிய மழைநீர் சுவருக்குள் தங்கியதால் தேக்கு உத்தரங்களின் முனைகள் இற்றுப்போயின. வீடுகள் கைமாறி, பராமரிப்புக் குறைந்து, தெரு பொலிவிழந்தது. சுண்ணாம்பு வேலை நலிந்தது. இற்ற முனைகளை அறுத்து எடுத்து, அதே அளவில் பழைய தேக்கைப் பொருத்தியிருக்கிறோம்.'

தச்சர்மகன் · புதன், காலை 7.48

கொத்தனார்கிட்ட படிச்சுக் காட்டினீங்களா அக்கா?

ஏடுபுரட்டி · புதன், காலை 11.10

இப்போதுதான் காட்டிவிட்டு வந்தேன். இரண்டு முறை படிக்கச் சொன்னார். "அப்ப ஒழுக்கை எங்க அடைச்சோம்னும் போட்டுடுங்க, பின்னாடி வர்றவன் அங்க தட்டிப் பார்ப்பான்" என்றார். வடமேற்கு மூலை, மழைநீர்க் குழாய்க்குக் கீழே. சேர்த்துவிட்டேன்.